கடைசி நாலு நிமிஷம்

எங்கள் ஊர் ரேடியோ நிலையம் சூரியனோடு எழுந்து சூரியனோடு படுத்துக்கொள்ளும். அது நிலையத்தை நடத்தும் மெரில் ட்வினெலின் ஆசை இல்லை, அரசாங்க உத்தரவு. இருட்டிவிட்டால் அலைகள் வானத்தில் ஏறி எங்கெங்கோ போய் இறங்குமாம், தெற்கே எவனோ ஒரு பெரிய நிலையக்காரனுக்கு இடைஞ்சலாம். அதற்காக வெர்மான்டின் இந்த வடக்கு மூலையில் எண்ணூறு மாட்டுக்கொட்டகைகள் ஊமையாக வேண்டும். மார்ச் மாதமென்றால் சாயங்காலம் அஞ்சே முக்கால். மெரிலின் மனைவி ஜெர்மேன் சூரியன் மறையும் நேரம் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் பார்ப்பாள், கடிகாரத்தைப் பார்ப்பாள், சுவிட்சைத் தட்டுவாள். பாட்டு பாதியில் நின்றாலும் நின்றதுதான். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நிமிஷம் பிந்தியதில்லை.

பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து ஆட்டங்களோ சாயங்காலம்தான் நடக்கும். கொட்டகைக்காரர்கள் அதே நேரத்தில் பால் கறக்க வேண்டும், ஆட்டத்துக்கு வர முடியாது. அதனால் மெரில் டேப் மெஷினைத் தூக்கிக்கொண்டு போவார், ஆட்டத்தைச் சொல்லிப் பதிவு பண்ணிக்கொண்டு வருவார், மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒலிபரப்புவார். அதிலிருந்துதான் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் வந்தது. ஆட்டம் பார்த்தவர்கள் மறுநாள் ஒலிபரப்பு முடியும்வரை முடிவைச் சொல்லக்கூடாது. மாட்டோடு கட்டிக்கிடப்பவனுக்கும் அது சுடச்சுடக் கிடைக்க வேண்டும். சட்டம் எங்கேயும் எழுதிவைக்கவில்லை. ஆனால் தீவனக் கடை எல்வின் ஒரு தடவை, "நல்லாத்தான் ஆடினாங்க, பாவம்" என்று சொல்லிவிட்டான். அந்த 'பாவம்' போதாதா? புல்லறுப்புக் காலம் வரைக்கும் அவனோடு யாரும் பேசவில்லை. இன்றைக்கும் அவனுக்குப் பெயர் 'பத்திரிகை எல்வின்'தான்.

ஆகவே 1979 மார்ச்சில் எங்கள் ஸ்டார்க்ஸ் மில்ஸ் பெண்கள் அணி முதல்முதலாக மாநில அரையிறுதிக்குப் போனதே, அந்த ஆட்டம் எப்படி முடிந்தது என்று இப்போதே சொல்லமாட்டேன். நான் அங்கே இருந்தேன். கூரைக்கு அடியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினேன். அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.

நான் பால் லாரி ஓட்டுகிறவன். பெயர் ஹார்லன். மெரிலின் வீடும் நிலையமும் ஒன்றுதான். முன்கூடத்தில் மைக், பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் மேய்ச்சல் நிலத்தில் ஒலிபரப்புக் கம்பம். தினமும் அஞ்சு மணிக்கு அங்கே நிறுத்திக் காபி குடித்துவிட்டுத்தான் மலைமேல் ஏறுவேன். அன்றைக்குக் காலை பனியும் மழையும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. பாதையில் பகலெல்லாம் சேறு, விடியலில் மட்டும் இறுகிக் கிடக்கும். இறுகியிருக்கும்போதே லாரியை மேலே ஏற்றிவிட வேண்டும். ஆனால் ஆட்டக் காலையில் ஏழரைக்கு முன்னால் போனால் எவனும் கதவைத் திறக்கமாட்டான்.

ஜெர்மேன் டோனட் பொரித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் வாசனை வாசல்வரை வந்தது.

"ஹார்லன், பூட்ஸை வெளியவே விடு. நேத்துதான் துடைச்சேன்."

"சேறு இல்ல ஜெர்மேன், பனிதான்."

"உள்ள வந்தா அதுவும் சேறுதான். விடு. அப்புறம், அந்தப் பக்கம் திரும்பி உக்காரு."

"எந்தப் பக்கம்?"

"ஜன்னலைப் பாத்து. உன் மூஞ்சி எனக்கு வேண்டாம். நீ ஆட்டத்துக்குப் போனவன்."

அவள் ஆட்டத்துக்குப் போகவில்லை. நிலையத்தை மூட ஒரு ஆள் வேண்டுமே. நான் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தேன். தட்டு என் தோளுக்கு மேலாக வந்து மேசையில் இறங்கியது.

"லூசெட் எப்ப வந்தா?" என்றேன் ஜன்னலிடம். லூசெட் அவர்கள் மகள், பதினாறு வயது, அணியில் பன்னிரண்டாம் நம்பர்.

"பத்தே காலுக்கு பஸ் இறக்கி விட்டுச்சு. நான் மாவு பிசைஞ்சிட்டு இருந்தேன். 'சாப்ட்டியா'ன்னேன். 'பஸ்லயே சாப்ட்டோம்'னா. மேல போயிட்டா."

"மூஞ்சியப் பாக்கலையா?"

"பாத்தா தெரிஞ்சிடும்ல? மாவையே பாத்துக்கிட்டு இருந்தேன்." கரண்டியால் ஒரு டோனட்டைப் புரட்டிப் போட்டாள். "கேக்க வாய் துடிச்சுது ஹார்லன். பெத்தவ நான். ஆனா மலைமேல இருக்கறவளுக்கெல்லாம் தெரியாதப்ப எனக்கு மட்டும் எதுக்கு? கேக்கல."

டோனட்டைத் தட்டிலேயே வைத்தேன். அந்தப் பெண் என்ன முகத்தோடு அந்தப் படியேறிப் போயிருப்பாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் வழக்கத்தின்மேல் எனக்குப் பெருமை உண்டு. அன்றைக்குக் காலை முதல் தடவையாக அதன்மேல் கோபம் வந்தது. ஊரே வாயை மூடிக்கொண்டு நல்ல பேர் வாங்கியது, ஒரு பெண்ணிடம் 'என்னம்மா ஆச்சு' என்று கேட்க ஒரு நாதி இல்லை.

முன்கூடத்திலிருந்து மெரில் கூப்பிட்டார். "ஹார்லன், ஒரு நிமிஷம் வந்துட்டுப் போ."

மெரில் ஒல்லி, உயரம். கொட்டகையிலிருக்கும் மாடுகளுக்கு முன்னால் பேசுவதென்றாலும் டை கட்டாமல் மைக் முன் உட்காரமாட்டார். ஒரு தடவை சர்ச் விருந்து ஆறு மணிக்கு என்பதை அஞ்சு என்று வாசித்துவிட்டார். நாலே முக்காலுக்கே போய் அந்த வாசலில் நின்று, சீக்கிரம் வந்த ஒவ்வொரு குடும்பத்திடமும் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டார். ஆட்டம் சொல்லும்போதும் அப்படித்தான். எல்லாப் பெண்களும் அவருக்குக் குடும்பப் பெயரும் நம்பரும்தான். சொந்த மகளும் 'ட்வினெல், பன்னிரண்டு'. நடுவரைக் குறைசொல்லி ஒரு வார்த்தை வராது. அதனால்தான் எதிரணி ஊர்க்காரர்கள்கூட எங்கள் நிலையத்தைக் கேட்பார்கள்.

அவர் கதவைச் சாத்தினார். ஜெர்மேனுக்குக் கேட்கக்கூடாதே.

"சத்தம் சரியா இருக்கான்னு டேப்போட கடைசியப் போட்டுப் பாத்தேன். நாலு நிமிஷம் காணோம். வெறும் இரைச்சல். அப்புறம் கடைசியில நான் விடைபெறுறது மட்டும் இருக்கு."

"மெஷினா?"

"மெஷினாத்தான் இருக்கணும்."

"மெஷின் இல்லப்பா." கதவைத் திறந்துகொண்டு லூசெட் நின்றாள். அப்பாவின் பழைய கம்பளிச் சட்டை, காலில் ஒரு சாக்ஸ் மட்டும். "நான்தான் அழிச்சேன்."

மெரில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எப்போ?"

"நீ படுத்தப்புறம். முதல்ல கேட்டேன். கேட்டுட்டுத்தான் அழிச்சேன். கொஞ்சம்தான் அழிக்கணும்னு நெனச்சேன், எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியல."

"ஏம்மா?"

 அவள் சுவரில் ஒட்டியிருந்த சூரியக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஏன் என்று புரிந்துகொண்டதாக நினைத்தேன். மெரிலும் அப்படித்தான் நினைத்தார். உங்களுக்கும் இந்நேரம் பாதி புரிந்திருக்கும். மீதியை முறைப்படி கேளுங்கள்.

"ஸ்கோரை மட்டும் சொல்லிடுங்க மெரில்," என்றேன். "எப்படியும் மத்தியானத்துக்குள்ள முந்நூறு பேர் வாய் திறந்துடும்."

"வாய் திறக்கட்டும். என் நிலையத்துல வர வேண்டாம்." அவர் டையை இறுக்கினார். "மெஷின் பழுதுன்னு சொல்லிடறேன். ஏன், மெஷினுக்குப் பழுதே வராதா?"

"அப்பா, வேண்டாம்."

"நீ போய்ச் சாப்பிடு. நான் பாத்துக்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு மணிநேரப் பிழைக்குச் சர்ச் வாசலில் தொப்பியைக் கழற்றிய மனுஷன், எண்ணூறு கொட்டகைகளிடம் பொய் சொல்லப்போகிறேன் என்கிறார். அதுவும் முகத்தை அப்படி நேராக வைத்துக்கொண்டு.

ஆறு மணிக்கு டேப் ஓட ஆரம்பித்தது. சமையலறையில் குளிர்பெட்டிமேல் ஒரு ரேடியோ உண்டு. ஜெர்மேன் அடுப்பைப் பார்த்து நின்றாள், நான் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தேன், லூசெட் எங்கள் இரண்டு பேர் முதுகுக்கும் நடுவில் மேசையில் உட்கார்ந்தாள். மூன்று பேர் ஒரே சமையலறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரு மணிநேரம் உட்கார்ந்து ஆட்டம் கேட்ட வீடு உலகத்தில் வேறெங்காவது இருக்குமா, தெரியாது.

எதிரணி ஏரிக்கரையிலிருக்கும் பெரிய பள்ளிக்கூடம். எங்கள் பள்ளி மொத்தமும் அவர்களுடைய சாப்பாட்டுக் கூடத்தில் அடங்கிவிடும். முதல் பாதியில் ஆறு பாயிண்ட் பின்தங்கினோம். ஜெர்மேன் அடுப்போடு பேச ஆரம்பித்தாள்.

"ஓடு, ஓடு, ஐயோ யாருக்கு எறியறா... டோரீனுக்குக் குடும்மா. டோரீன் சும்மா நிக்கிறால்ல?"

"டோரீன் சும்மா நிக்கலம்மா," என்றாள் லூசெட். "அவளுக்குக் கணுக்கால் பிசகிடுச்சு."

"சொல்லாத! சொல்லாத! முன்னாலயே சொல்லாத!"

அந்த ஒரு தடவை லூசெட் சிரித்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்க எனக்கு உரிமை இல்லை.

மூன்றாம் கால்பகுதி முடிந்தது. நான்காவதும் பாதி ஓடியது. ரேடியோவில் மெரில் நிதானமாகச் சொன்னார், "நான்கு நிமிடங்கள் மீதமிருக்கின்றன. ஸ்டார்க்ஸ் மில்ஸ் ஒன்பது பாயிண்ட் பின்னால்." பிறகு இரைச்சல். எண்ணெய் கொதிக்கிற மாதிரி வெறும் இரைச்சல்.

"என்ன ஆச்சு?" ஜெர்மேன் கரண்டியோடு நின்றாள்.

இரைச்சல் நின்றது. மெரிலின் குரல் வந்தது, டேப்பிலிருந்து இல்லை, நேராக.

"நேயர்கள் மன்னிக்க வேண்டும். இந்த இடத்தில் நம்முடைய பதிவு மெஷினில் ஒரு பழுது..."

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. ஜெர்மேன் திரும்பிவிட்டாள். மகள் முகத்தைப் பார்த்துவிட்டாள். பார்த்த மாத்திரத்தில் எல்லாம் தெரிந்துகொண்டாள், அந்த நாலு நிமிஷமும், நேற்று மாவைப் பார்த்துக்கொண்டு தான் நின்றதும். அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை, மகளைக் கட்டிப்பிடிக்கவில்லை.

"போ," என்றாள்.

லூசெட் முன்கூடத்துக்குள் போனாள். நான் கதவு வரைக்கும் ஓடினேன். அவள் அப்பாவின் தோளை நகர்த்திவிட்டு மைக் முன்னால் குனிந்தாள். ஒரு கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. நான் லூசெட் ட்வினெல், பன்னெண்டாம் நம்பர். டேப்பை அழிச்சது நான்தான். அதனால அந்த நாலு நிமிஷத்த நானே சொல்றேன்." மூச்சு இழுத்துக்கொண்டாள். "நாங்க ஒம்பது பாயிண்ட் பின்னால இருந்தோம். கோச் டைம் அவுட் கேட்டாரு. கேட்டுட்டு ஒண்ணுமே சொல்லல, தண்ணி குடிங்கன்னாரு. டோரீன் கணுக்கால்ல கட்டுப் போட்டுட்டு நொண்டிக்கிட்டே வந்தா. வந்தவ அவங்ககிட்டயிருந்து பந்தைத் தட்டிப் பறிச்சா, ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. பெவர்லி கீழ விழுந்து பந்தக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல, அவ முழங்கை தோலெல்லாம் போச்சு. கோரின் ஒரு பந்து போட்டா. அப்புறம் மூணு பந்து உள்ள போச்சு. ஒம்பது இருந்தது ஒண்ணு ஆச்சு."

மெரில் அவள் பக்கத்திலிருந்து மைக்குக்குக் குனிந்தார். அவருடைய பழைய குரல், பத்தொன்பது வருஷக் குரல். "அந்த மூன்று பந்துகளையும் போட்டது ட்வினெல், பன்னிரண்டு."

அவர் நிமிர்ந்தார். அவள் தொடர்ந்தாள்.

"ஏழு செகண்ட் இருக்கு. என்னைத் தள்ளிட்டாங்க, எனக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ. ஒண்ணு போட்டா சமம், ரெண்டும் போட்டா நாங்க ஜெயிச்சோம். முதல் பந்து வளையத்துல பட்டு வெளிய வந்துடுச்சு. ரெண்டாவது வளையத்துலயே படல." மேசை விளிம்பைப் பிடித்த கை வெளுத்துப்போயிருந்தது. "நாப்பத்தொண்ணு, நாப்பது. நாங்க தோத்துட்டோம்."

நான் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை.

"இன்னொண்ணு சொல்லணும். நான் விட்டதுக்காக நான் டேப்பை அழிக்கல. அதுக்கப்புறம் எங்கப்பா சொன்னாரு, நடுவர் எம்பொண்ண அவசரப்படுத்திட்டாரு, மூச்சு வாங்கக்கூட விடல, இது அநியாயம்னு. அப்படி இல்ல. நடுவர் பந்தை என் கையில குடுத்துட்டுப் பொறுமையாத்தான் நின்னாரு. எனக்கு வேண்டிய நேரம் இருந்துச்சு. எங்கப்பா இதுவரைக்கும் யாருக்காகவும் அப்படிச் சொன்னதில்ல. எனக்காகச் சொன்னாருன்னு யாரும் கேக்க வேண்டாம்னுதான் அழிச்சேன். இப்ப எனக்காக மெஷினையும் குத்தம் சொல்லிட்டாரு. அதான் வந்தேன்."

கூரைக்கு அடியில் உட்கார்ந்து கத்திய எனக்கு, கீழே மெரில் மைக்கில் பேசியது கேட்டிருக்கவில்லை. இப்போதுதான் தெரிந்தது. நான் மெரிலைப் பார்த்தேன். காதுவரை சிவந்துவிட்டார். எந்த அப்பனுக்கும் அது சுலபமான இடம் இல்லை, மொத்தப் பள்ளத்தாக்கும் கேட்க, பெற்ற மகள் திருத்துகிறாள். மைக்கை மூடிவிடுவாரோ என்று ஒரு கணம் பயந்தேன். அவர் கை சுவிட்சுக்குப் போகவில்லை.

"அவள் சொன்னது சரி," என்றார் மைக்கில். "நடுவர் சரியாகத்தான் நடந்துகொண்டார். நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே தப்பாகச் சொன்னேன். அவரிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். மெஷினிடமும்." மகளைப் பார்த்தார். "இவள் என் பொண்ணு."

வேறு எதையும் சேர்க்கவில்லை. எனக்குக் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது, எண்ணெய்ப் புகை என்று சொல்லிக்கொண்டேன். எங்கள் ஊர்ப் பெண் ஜெயித்திருந்தால் நான் அன்றைக்கு லாரி ஹாரனை மலை முழுக்க அடித்துக்கொண்டு போயிருப்பேன். தோற்றதற்குத்தான் அடிக்கப்போகிறேன் என்று அப்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

ஜெர்மேன் ஒரு தட்டு நிறைய டோனட்டோடு வந்து, மைக் பக்கத்திலேயே வைத்தாள்.

"ஆறிப்போகுது," என்றாள். அதுவும் ஒலிபரப்பில் போனது.

லூசெட் ஒன்றை எடுத்துக் கடித்த நேரம் டெலிபோன் அடித்தது. ஆட்டம் முடிந்ததும் வருகிற அழைப்புகளை அப்படியே ஒலிபரப்பில் விடுவதுதான் வழக்கம். மெரில் மகளைப் பார்த்தார். அவள் வாயில் டோனட்டோடு தலையாட்டினாள். எவனாவது குத்தலாக ஒரு வார்த்தை சொன்னால் லாரியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கே போவது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பெரிய சத்தம். முதலில் என்னவென்றே புரியவில்லை. முப்பது நாற்பது மாடுகள் ஒன்றாகக் கத்திக்கொண்டிருந்தன. அதற்கு நடுவில் ஒரு கிழக்குரல்.

"மெரிலா? நான் ஒவிலா ரோயே, மேல்மலையிலருந்து. கேக்குதா?"

"கேட்கிறது ஒவிலா. சொல்லுங்க."

"கடைசி நாலு நிமிஷம் ஒண்ணுமே கேக்கல எனக்கு. பாழாப்போன மாடுங்க கத்தித் தொலைக்குது. அந்தப் பொண்ணு பேசினா, வாய்க்குள்ளயே பேசினா, என்ன சொன்னான்னு தெரியல. இன்னொரு தரம் சொல்லச் சொல்லு."

மெரில் மைக்கைக் கையால் பொத்தினார். "வேண்டாம்னா நான் சொல்லிக்கறேம்மா."

லூசெட் அவர் கையை எடுத்துவிட்டாள். டோனட்டை விழுங்கினாள். சர்க்கரை ஒட்டிய விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"மிஸ்டர் ரோயே, லூசெட் பேசறேன். மாடு ஏன் அப்படிக் கத்துது?"

"கறக்கலயே, அதான் கத்துது. ஆட்டம் முடியட்டும்னு வச்சிருக்கேன். கறக்கற மெஷினைப் போட்டா ரேடியோ கேக்காது. போடலைன்னா மாடு கத்துது. நான் என்ன பண்றது? சத்தமாச் சொல்லு."

அவள் சத்தமாகச் சொன்னாள். நாலு நிமிஷத்தையும் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். இந்தத் தடவை டோரீன் நொண்டியதற்கும் பெவர்லி விழுந்ததற்கும் கை இரண்டையும் ஆட்டிக்கொண்டு சொன்னாள். கோச் தண்ணி குடிக்கச் சொன்னதை அவர் குரலிலேயே சொன்னாள். தான் போட்ட மூன்று பந்தையும் தன் பேர் சொல்லியே சொன்னாள். மெரில் டையைத் தளர்த்திவிட்டு நாற்காலியில் சாய்ந்து, மலைமேலே உட்கார்ந்து கேட்கிறவர் போலக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜெர்மேன் கதவில் சாய்ந்து மகளின் முகத்தையே பார்த்தாள், கண்ணை எடுக்கவே இல்லை.

"ரெண்டாவதும் போகலையா?" என்றார் ஒவிலா.

"போகல. வளையத்துலயே படல."

"படவே இல்லையா?"

"படவே இல்ல மிஸ்டர் ரோயே."

மாடுகள் கத்தின. 

"நீ இன்னும் எத்தன வருஷம் பள்ளிக்கூடத்துல?"

"இன்னும் ஒரு வருஷம்."

"அப்ப சரி," என்றார். "அடுத்த வருஷம் நான் நாலு மணிக்கே கறந்துட்டு ரெடியா உக்காந்திருப்பேன்."